நோட்டரி ஆவது எப்படி, ஆனபின் வளர்வது எப்படி

தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் படிவம் 26 இல் எழுதி வேட்புமனுவோடு கொடுக்கிறார். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். யாருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை சவரன் என்று தேடுகிற அவசரத்தில் நம் கண் தாண்டிப் போகிற ஒன்று அதில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு முத்திரையும் அதன் பக்கத்தில் ஒரு கையெழுத்தும். பெரிய கட்சித் தலைவரானாலும் சுயேச்சையானாலும் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட், உறுதிமொழி ஆணையர், நோட்டரி ஆகிய மூவரில் ஒருவர் முன்னால் பிரமாணம் செய்துதான் அந்தப் படிவத்தைக் கொடுக்க முடியும். நடைமுறையில் பலரும் போய் நிற்பது நோட்டரியிடம்.

அந்தக் கையெழுத்துக்குரியவர் யார், அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார், அந்தத் தொழிலில் எப்படி வளரலாம் என்பதை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டக் கல்லூரியில் படிப்பவர்களும் சீனியரிடம் ஜூனியராக இருப்பவர்களும் இதில் அதிகம் பயன் பெறலாம். நோட்டரியிடம் போய் வருகிற பொதுமக்களுக்கும் பாதிக்குமேல் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் நோட்டரி வேலை பற்றித் தேடினால் கொட்டுவதில் பெரும்பங்கு அமெரிக்கக் கதை. அங்கே வழக்கறிஞராக இல்லாத சாதாரண ஆள்கூட மாநில விதிகளை நிறைவுசெய்து நோட்டரி ஆகலாம். பகுதிநேர வேலையாக, வீட்டுக்கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கித் தருகிறவர்களும் அங்கே உண்டு. இலங்கை இன்னொரு கோடி. அங்கே நொத்தாரிசு எனப்படும் நோட்டரிதான் காணி உறுதியையே, அதாவது நிலப் பத்திரத்தையே எழுதி, இரண்டு சாட்சிகளுடன் நிறைவேற்றுகிறார். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம் அதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. இந்தியா இந்த இரண்டிலும் சேராது. இங்கே நோட்டரி பெரும்பாலும் பல வருடம் வழக்கறிஞர் தொழில் செய்தவர், அரசு நியமித்தவர். ஆனால் நிலத்தைக் கைமாற்றித் தரும் அதிகாரம் அவருடைய முத்திரைக்குக் கிடையாது. ஆகவே இந்தக் கட்டுரை இந்திய நோட்டரியைப் பற்றி மட்டும்தான் பேசும்.

நோட்டரியின் வேலை என்ன

ஒருவர் தன் பிரமாண வாக்குமூலத்தில் "என் தகப்பனாருக்கு நான் ஒரே வாரிசு" என்று எழுதி வருகிறார் என்று வையுங்கள். நோட்டரி அதில் முத்திரை வைத்துவிட்டால் அவர் ஒரே வாரிசு என்று நோட்டரி சான்று சொன்னதாக ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழுதியிருப்பது பொய்யானால் அந்தப் பொய் எழுதியவரைச் சேரும். நோட்டரி சொல்வது மூன்று விஷயம்தான்: இந்த ஆள் இந்தத் தேதியில் என் எதிரே வந்தார், இவர்தான் அந்தப் பெயருக்குரியவர் என்று நான் தெரிந்துகொண்டேன், எழுதியதைப் புரிந்துகொண்டு என் கண்முன்னால் கையெழுத்துப் போட்டார். இந்த மூன்றில் ஒன்று பொய்யானால் அது முழுக்க நோட்டரியின் தலையில் விழும்.

இந்தத் தொழிலில் மற்ற எல்லாமே இந்த மூன்று வாக்கியத்திலிருந்துதான் கிளைக்கிறது. எதற்குச் சம்மதிக்கலாம், எதை மறுக்க வேண்டும், பெயர் எப்படி வளரும், எப்படிக் கெடும் என்பதெல்லாம் இதற்குள் அடங்கும்.

சட்டத்தின் பெயர் 1952 ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம். 1956 பிப்ரவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் நோட்டரிகள் விதிகளும் வந்தன. அதற்கு முன்பு 1881 ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கீழ், முக்கியமாக வணிகத்துக்காக, நோட்டரிகள் இருந்தார்கள். இங்கிலாந்தில் நியமனம் பெற்று வந்தவர்களும் இருந்தார்கள். 1952 சட்டத்தின் பிரிவு 8 நோட்டரி என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போடுகிறது. ஆவணங்களில் கையெழுத்தானதைச் சரிபார்த்துச் சான்றளிக்கலாம், பிரமாணம் செய்துவைக்கலாம், மொழிபெயர்க்கலாம், மொழிபெயர்ப்பு சரி என்று சான்றும் தரலாம், வெளிநாட்டில் பயன்படுத்தவேண்டிய ஆவணங்களைத் தயாரிக்கலாம், நீதிமன்றம் சொன்னால் ஆணையராக இருந்து சாட்சியம் பதிவு செய்யலாம், கேட்டுக்கொண்டால் நடுவராகவும் சமரசம் செய்பவராகவும் இருக்கலாம்.

இவ்வளவு இருந்தும் இன்று தெருவில் நாம் பார்க்கும் நோட்டரி வேலை பிரமாண வாக்குமூலத்திலும் நகல் சான்றிலும் சுருங்கிக் கிடக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் இந்தத் தொழிலின் வேர் வணிகத்தில் இருக்கிறது. உதாரணத்துக்கு, இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடு என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதும், பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் மாற்றுச்சீட்டு ஒன்றை ஏற்க அந்த இன்னொருவர் மறுத்தால், அதை நோட்டரி மறுபடி அவரிடம் காட்டிக் கேட்பார். என்ன பதில் வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று குறித்துவைப்பார். அந்தக் குறிப்புக்கு நோட்டிங் என்று பெயர். அதை முறையான சான்றாக எழுதிக் கொடுத்தால் புரொட்டெஸ்ட். வெளிநாட்டு மாற்றுச்சீட்டு என்றால், அது எழுதப்பட்ட நாட்டின் சட்டம் கேட்கும்போது இந்தப் புரொட்டெஸ்ட் இருந்தே ஆக வேண்டும்.

கப்பல் புரொட்டெஸ்ட் இன்னும் சுவையானது. நடுக்கடலில் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. சரக்கு நனைந்திருக்கலாம் என்று கேப்டனுக்குச் சந்தேகம். தூத்துக்குடியோ சென்னையோ வந்து சேர்ந்த கையோடு அவர் நோட்டரி முன் ஆஜராகி, எந்த நாளில் எந்த இடத்தில் என்ன வானிலை இருந்தது, கப்பலைக் காக்க என்ன செய்தார்கள் என்று பதிவு செய்கிறார். பின்னால் சரக்கு உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ "உங்கள் கவனக்குறைவு" என்று சொன்னால், சம்பவம் நடந்த சூட்டில் ஒரு மூன்றாம் மனிதர் முன்னால் கொடுத்த வாக்குமூலம் கைவசம் இருக்கும். துறைமுக ஊரில் தொழில் தொடங்க நினைக்கிற வழக்கறிஞர் இதைக் கற்றுவைத்திருந்தால் போட்டியே இல்லாத ஒரு மூலை அவருக்குக் கிடைக்கும்.

முத்திரைக்கு எட்டாத இடங்கள்

இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நோட்டரியின் முத்திரையை நம்பிப் பணத்தையும் வாழ்க்கையையும் தொலைத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். புதிதாக வரும் நோட்டரி எதற்கெல்லாம் முடியாது என்று சொல்லவேண்டும் என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

நிலம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கப் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். முத்திரைத்தாளில் விற்பனை என்று எழுதி நோட்டரி முத்திரை வைத்துவிட்டால் சொத்து கைமாறிவிடாது. மனை வாங்க முழுப் பணமும் கொடுத்துவிட்டு "நோட்டரி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருக்கும் ஏழைக் குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

பவர் பத்திரம். நோட்டரி முன் நிறைவேற்றிய அதிகாரப் பத்திரத்துக்கு மதிப்பு உண்டு. அது முறையாக நிறைவேற்றப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 85 இல் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 84 இல் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் வசிக்கும் ஒருவர், தனக்குப் பதிலாக இன்னொருவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைத் தாக்கல் செய்யவேண்டும் என்று பவர் கொடுத்தால், பதிவுச் சட்டத்தின் பிரிவு 33 இன்படி அதைப் பதிவாளரோ சார்பதிவாளரோதான் உறுதிப்படுத்த வேண்டும். நோட்டரி போதாது. வெளிநாட்டில் இருப்பவர் கொடுத்தால் அந்நாட்டு நோட்டரியிடமோ இந்தியத் தூதரகத்திலோ செய்யலாம். டொராண்டோவில் இருக்கிற மகன் மதுரை மனையை விற்க அப்பாவுக்குப் பவர் அனுப்புகிறார் என்றால் அது இந்த வகை. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது.

உயில். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 63 கேட்பது இரண்டு சாட்சிகளை. நோட்டரி முத்திரை கட்டாயம் இல்லை, அது சாட்சிகளுக்கு மாற்றும் ஆகாது.

வாடகை. 11 மாத ஒப்பந்தத்தை நோட்டரியிடம் கொண்டுபோவது பழகிப்போன வழக்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. கட்சிக்காரரிடம் இதை எடுத்துச் சொல்வது நோட்டரியின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியாகத் திருமணமும் விவாகரத்தும். இது மிக மோசமான இடம். "நோட்டரி முன் கல்யாணம்", "நோட்டரி முன் விவாகரத்து" என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து, மறுமணமும் செய்து, பிறகு நீதிமன்றத்தில் வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அதில் ஏமாறுவது பெண்கள். 2024 அக்டோபர் 10 அன்று மத்திய சட்ட விவகாரத் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. திருமண, விவாகரத்து ஆவணங்களை நிறைவேற்ற நோட்டரிகளுக்கு அதிகாரம் இல்லை, மீறினால் அது தொழில் ஒழுங்கீனம் என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது. எவ்வளவு தெரிந்த ஆள் சிபாரிசோடு வந்தாலும் இதற்கு முடியாது என்பது ஒன்றே பதில்.

யார் ஆகலாம்

நோட்டரிகள் விதிகளில் விதி 3 தகுதியைச் சொல்கிறது. குறைந்தது 10 வருடம் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆகியோருக்கு 7 வருடம் போதும். இந்தியச் சட்டப் பணியில் இருந்தவர்களுக்கும், வழக்கறிஞராகப் பதிவு செய்தபின் சட்ட அறிவு தேவைப்படும் அரசுப் பதவி வகித்தவர்களுக்கும் தனி வழி உண்டு. மற்றபடி எல்லாருக்கும் பாதை ஒன்றுதான். பிளஸ் டூ முடித்து ஐந்து வருடச் சட்டப்படிப்பு அல்லது பட்டப்படிப்புக்குப் பின் மூன்று வருடம், பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, அதன் பின் கோர்ட்டில் வருடக்கணக்கில் உழைப்பு. இருபத்து மூன்றில் கோட்டுப் போட்டவர் முப்பத்து மூன்றில்தான் விண்ணப்பிக்க முடியும். தகுதியில் சலுகை உள்ளவர் முப்பதில்.

நியமிப்பவர்கள் இருவர். மத்திய அரசு இந்தியா முழுமைக்கோ ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம், மாநில அரசு தன் எல்லைக்குள் நியமிக்கலாம். இரண்டுக்கும் வேலை ஒன்றே, சட்டமும் ஒன்றே. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதிகபட்ச எண்ணிக்கை விதிகளின் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே தகுதி வந்த மறுநாளே இடம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். மத்திய நியமனத்துக்கான பணிகள் 2024 செப்டம்பரில் தொடங்கிய நோட்டரி இணையவாசல் வழியாக நடக்கின்றன. மாநில நியமனத்துக்கு அரசு அறிவிக்கை எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை யாரெல்லாம் மேலொப்பம் இட வேண்டும் என்பதில் ஒரு பழைய சிந்தனை தெரிகிறது. ஒரு மாஜிஸ்திரேட், தேசியமயமான வங்கி ஒன்றின் மேலாளர், ஒரு வணிகர், தொழில் செய்யப்போகும் பகுதியில் மதிப்பான இரண்டு பேர். மதிப்பெண் சான்றிதழை விட ஊர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அரசு கேட்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பத்து வருடத்தில் ஒரு வங்கி மேலாளரும் ஒரு கடைக்காரரும் நம்பிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு ஊரில் பழகாதவர், நோட்டரியாக அமர்ந்தாலும் யார் வந்து நிற்பார்கள்?

விண்ணப்பம் வந்ததும் அதிகாரி ஆட்சேபங்களைக் கேட்பார். நேர்காணலும் உண்டு. நீங்கள் அந்தப் பகுதியில் வசிக்கிறீர்களா, அங்கே வணிகம் எவ்வளவு நடக்கிறது, ஏற்கெனவே எத்தனை நோட்டரிகள் இருக்கிறார்கள், வணிகச் சட்டத்தில் உங்களுக்கு எவ்வளவு அனுபவம், உங்கள் தொழில் எவ்வளவு விரிந்தது என்பதெல்லாம் பரிசீலனைக்கு வரும் என்று விதி 7 சொல்கிறது. இதிலிருந்து ஒரு நல்ல யோசனை கிடைக்கிறது. மாவட்டத் தலைநகர் கோர்ட் வாசலில் பத்தோடு பதினொன்றாக நிற்பதைவிட, புதிதாகத் தொழிற்பேட்டை வந்த, வங்கிக் கிளைகள் பெருகிய, ஆனால் நோட்டரி குறைவான தாலுகா ஒன்றைப் பார்ப்பது அறிவார்ந்த முடிவு.

அமர்ந்த முதல் நாள்

நியமனம் கிடைத்து, பதிவேட்டில் பெயர் ஏறி, தொழில் செய்வதற்கான சான்றிதழ் வந்தபின்தான் வேலை செய்யலாம். அந்தச் சான்றிதழ் 5 வருடம் செல்லும். உங்கள் எல்லையும் அதில் எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் ஓர் அலுவலகம் வேண்டும், பெயர்ப்பலகை வேண்டும். முத்திரை வட்டமாக, 5 சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்க வேண்டும். உங்கள் பெயர், எல்லை, நோட்டரி என்ற சொல், நியமித்த அரசின் பெயர் ஆகியவை அதில் இருக்கும். கட்டணப் பட்டியலை அறைக்கு உள்ளேயும் வெளியேயும் தெரியும்படி மாட்ட வேண்டும். வாங்கும் காசுக்கு ரசீது தர வேண்டும்.

முத்திரையை மேசைமேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சாவி உங்கள் கையில் இருக்கட்டும். முன்கூட்டியே முத்திரை வைத்த வெற்றுத்தாளைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

ஆள் எதிரே வந்ததும் என்ன செய்வது? அசல் அடையாள அட்டையைக் கேளுங்கள், நகல் போதாது. படத்தையும் முகத்தையும் பொறுமையாகப் பாருங்கள். பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி என்று இரண்டு மூன்று கேள்வி வாய்விட்டுக் கேளுங்கள். அட்டைக்குரியவருக்குத் தயக்கம் வராது, ஆள்மாறாட்டம் செய்ய வந்தவருக்கு வரும். பிறகு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் டைப் செய்து கொண்டுவரும் தாள்களில் பாதிக்குமேல் கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரியாதவை. அப்படியானால் தமிழில் படித்துக் காட்டி விளக்க வேண்டும், விளக்கியதாகச் சான்றிலும் எழுத வேண்டும். கைநாட்டு வைப்பவரானால் இது இன்னும் அவசியம். வயதான அம்மாவை மகனோ மருமகனோ கூட்டி வந்து "பாட்டிக்குக் காது கேட்காது, நானே சொல்லிடறேன் சார்" என்றால், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். அங்கே சில நிமிடம் செலவழித்தால் ஒரு சொத்து தப்பிக்கும்.

தாளில் காலியிடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்குங்கள். இன்றைய தேதியைத் தவிர வேறு தேதி போடவே கூடாது. "போன மாசம் தேதி போட்டுக் கொடுங்க சார், லோனுக்குத் தேவைப்படுது" என்று நன்றாகப் பழகியவரே கேட்பார்.

இந்த எல்லாவற்றுக்கும் ஆதாரமாக நிற்பது நோட்டரி பதிவேடு. படிவம் 15 இல் அதற்கு நிரல்கள் கொடுத்திருக்கிறார்கள். வரிசை எண், தேதி, என்ன வேலை, யார் செய்தார், முகவரி, கட்டணம், அவருடைய கையெழுத்து ஆகியவை அதில் வரும். முத்திரை வைத்த ஒவ்வொரு தாளும் அதே நிமிடத்தில் இங்கே ஏற வேண்டும். மாலையில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். எட்டு வருடம் கழித்து ஒரு சொத்து வழக்கில் உங்களுக்குச் சாட்சி சம்மன் வரும். அந்த முகம் உங்களுக்கு நினைவிருக்காது, யாருக்கும் நினைவிருக்காது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பதிவேட்டைத் திறக்கச் சொல்வார். அந்தத் தேதியில், வரிசை எண் கலையாமல், அந்த ஆளின் கையெழுத்தோடு பதிவு இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. இல்லை என்றால் அந்த ஒரு தாள் மட்டும் போகாது, நீங்கள் அதுவரை முத்திரை வைத்த எல்லாவற்றின் மேலும் சந்தேகம் படியும். இந்தத் தொழிலில் முதலீடு என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பதிவேடுதான்.

ஒழுங்கீனப் புகார் வந்தால் விதி 13 இன்படி விசாரணை நடக்கும், நிரூபணமானால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடலாம். தான் வழக்காடுகிற வழக்கின் வாக்குமூலத்துக்குத் தானே நோட்டரியாக இருப்பதையும் தவிர்ப்பது நல்லது. பக்கத்து அறை நண்பரிடம் அனுப்பிவிடுங்கள்.

வருமானமும் வளர்ச்சியும்

அரசு நிர்ணயித்த கட்டணம் குறைவு. 2014 இல் உயர்த்தியபின்பும் ஒரு பிரமாண வாக்குமூலத்துக்கு நூறு ரூபாய்கூடக் கிடையாது. வெளியே சென்று செய்தால் கிலோமீட்டர் கணக்கில் பயணப்படி உண்டு. அரசு அலுவலகங்களில் சுயசான்றொப்பமே போதும் என்ற நடைமுறை பரவியபின் நகல் சான்று வேலையும் குறைந்துவிட்டது. ஆகவே சீல் எண்ணிக்கையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். பெரும்பாலானோர் வழக்கறிஞர் தொழிலோடு சேர்த்துத்தான் இதைச் செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். நோட்டரி வேலைக்காக உள்ளே வருகிறவர் தன் பிரச்சினையையும் சொல்வார். அதில் சில வழக்காகவும் சட்ட ஆலோசனையாகவும் மாறும்.

வளர விரும்புகிறவர் எந்த வகை ஆவணத்தில் கெட்டிக்காரர் ஆவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பு எனக்கு முதலில் தோன்றுவது. தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழ், பட்டா, பழைய கிரயப் பத்திரம், கோர்ட் தீர்ப்பு நகல் ஆகியவற்றை வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் தர வேண்டியிருக்கிறது. மொழிபெயர்க்கவும் சான்றளிக்கவும் சட்டமே நோட்டரிக்கு இடம் தந்திருக்கிறது. பழைய பத்திரத் தமிழில் வரும் ஜமாபந்தி, புஞ்சை, நத்தம், விஸ்தீரணம் போன்ற சொற்களைப் பிழையில்லாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதைக் கற்றவரைத் தேடி வருவார்கள்.

அடுத்தது வெளிநாட்டு ஆவணம். அப்போஸ்டில் என்பது ஓர் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்காக நம் அரசு அதன்மேல் தரும் சான்று. அதற்கான ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2005 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளுக்குத் தூதரகச் சான்று வேண்டாம், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். தனிநபர் ஆவணமானால் நோட்டரி, அதன்பின் மாநில அரசின் சான்றொப்பம், அதன்பின் அமைச்சகம் என்று படிப்படியாகப் போகும். சிங்கப்பூருக்கு 2021 இலும் கனடாவுக்கு 2024 இலும் இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஓமனும் பஹ்ரைனும் சவுதியும் இதில் உண்டு, ஆனால் எல்லா வளைகுடா நாடுகளும் இல்லை. எந்த நாட்டுக்கு எந்த வழி என்று ஒரு அட்டவணை போட்டு அவ்வப்போது சரிபார்த்து வைத்திருக்கும் நோட்டரி, அலைச்சலில் களைத்துப்போன குடும்பத்துக்குப் பெரிய உதவி. அவர்களே பத்துப் பேரிடம் சொல்வார்கள்.

மூன்றாவது வணிகம். திருப்பூர், கரூர் போன்ற ஏற்றுமதி ஊர்களில் வெளிநாட்டு வாங்குபவரோடு போடும் ஒப்பந்தங்கள் உண்டு, நிறுவனம் தரும் அதிகாரப் பத்திரங்கள் உண்டு. டெண்டர் போடும் ஒப்பந்ததாரர்களுக்கு வாக்குமூலங்களும், வங்கிகளுக்கு, இழப்பு வந்தால் ஈடுசெய்வதாக எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரங்களும் தேவைப்படுகின்றன. இங்கே ஒரு தாளில் பிழை வந்தால் கன்சைன்மென்டோ டெண்டரோ நின்றுவிடும். அதனால் மலிவானவரை விட்டுவிட்டுச் சரியானவரைத் தேடுகிறார்கள். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட வந்தவரிடம் இயக்குநர் குழுத் தீர்மானத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கேள்வியிலேயே உங்கள் தரம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சமரசப் பேச்சில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 இல் சமரச மையம் தொடங்கியதிலிருந்து நம் மாநிலத்தில் அதற்கு நீண்ட அனுபவம் சேர்ந்திருக்கிறது. 2023 இல் சமரசத்துக்கென்றே மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. பயிற்சி எடுத்துக்கொண்டால் நோட்டரி மேசையில் உட்கார்ந்தபடியே பல குடும்பத் தகராறுகள் வழக்காகாமல் தீர்வதைப் பார்க்கலாம்.

கடைசியாக இரண்டு தேதிகள். ஒவ்வொரு ஜனவரி முதல் வாரமும் முந்தின வருடம் செய்த வேலைகளின் ஆண்டறிக்கையைப் படிவம் 14 இல் அரசுக்கு அனுப்ப வேண்டும். பதிவேடு ஒழுங்காக இருந்தால் இது சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்து வருடச் சான்றிதழ் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இதை மறந்தவர்கள், காலாவதியான சான்றிதழோடு முத்திரை வைத்த தாள்களால் கட்சிக்காரர்களைச் சிக்கலில் தள்ளுகிறார்கள்.

இன்னும் ஏழெட்டு வருடம் காத்திருக்கவேண்டிய ஜூனியர்கள் இப்போதே ஒரு நோட்டில் நீங்கள் ஆஜரான வழக்குகளை எண், வருடம், நீதிமன்றம், வகை என்று குறித்து வாருங்கள். காசோலை வழக்கு, கடன் மீட்பு, கூட்டுத்தொழில் தகராறு போன்ற வணிக வழக்குகளைத் தனியாகக் குறியுங்கள். நேர்காணலில் வணிகச் சட்ட அனுபவம் பற்றிக் கேட்கும்போது அந்த நோட்டு பதில் சொல்லும். வாரத்தில் ஒரு மாலை, நல்ல பெயர் எடுத்த நோட்டரி ஒருவரின் அறையில் அனுமதி கேட்டு உட்கார்ந்து, அவர் எந்தத் தாளைத் திருப்பி அனுப்புகிறார் என்று கவனியுங்கள்.